எட்டாம் நாளின் ஒற்றை மெழுகுவத்தி

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வராத வித்தை. அதனால்தான் மாடிவீட்டு அம்மா மெழுகுவத்தி கொளுத்தும் அந்த எட்டுச் சாயங்காலங்களும் வருஷா வருஷம் எனக்குக் கடுப்பாக இருக்கும்.

அவர்கள் யூதர்கள். இரும்பை கிராமத்துப் பக்கம் மரம் நட வந்த வெளிநாட்டுத் தம்பதி. மரமெல்லாம் வளர்ந்து, இவர்களுக்குத் தலை நரைத்து, கடைசியில் மரக்காணத்தில் எங்கள் மாடிக்குக் குடிவந்தார்கள். ஐயாவும் அம்மாவும் நம் தமிழைத்தான் பேசுவார்கள், கொஞ்சம் மூக்கால். நமக்குக் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு அவர்களுக்கு விளக்குப் பண்டிகை வந்துவிடும். வரிசையாக மெழுகுவத்தி செருகுகிற மாதிரி ஒரு பித்தளைத் தண்டு வைத்திருந்தார்கள். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று ஏறிக்கொண்டே போய் எட்டாம் நாள் எட்டும் எரியும். மற்றதை ஏற்றுவதற்கென்றே இன்னொன்று தனியாக ஓரத்தில் நிற்கும். ரோட்டைப் பார்த்த ஜன்னலில் அதை வைப்பார்கள்.

வந்த புதிதில் ஒருநாள், பேசிக்கொண்டே ஆயலாமே என்று முருங்கைக்கீரையை முறத்தோடு மாடிக்கு எடுத்துப் போனேன்.

"வச்சிடும்மா. இது எரியற வரைக்கும் பொம்பளைங்க கைய சும்மா வச்சிக்கணும். இந்த வெளிச்சத்துல வேலை செய்யக்கூடாது, பாக்க மட்டும்தான்" என்றார் அம்மா.

"அப்ப என் அடுப்ப யாரு பாப்பா, உங்க சாமியா?" என்றேன். ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

போன வருஷம் மறதி முற்றிவிட்டது. கேட்டைத் திறந்துகொண்டு உப்பளத்து வரப்பில் போய் நிற்பார். மழைக்காலத்தில் பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடக்கும். அந்த மாதங்களில் உப்பு வேலை கிடையாது, டிவிக்குக் காவல் இருக்கும் என் வீட்டுக்காரர்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவார். கடைசியில் வெளிநாட்டிலிருந்து மகன் வந்துவிட்டான். பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் கார். அங்கே போனதும் ஐயாவை ஒரு ஹோமில் சேர்ப்பது, அம்மா மகன் வீட்டில் இருப்பது என்று முடிவாகிவிட்டது. மகனைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அம்மாவால் அவரைத் தூக்கி உட்காரவைக்கக்கூட முடியவில்லை, அதையும் நான்தானே பார்த்தேன்.

"எட்டாம் நாள் எட்டும் எரியணும்மா. ஒரே வீட்டுல நாங்க ரெண்டு பேரும் கொளுத்தறது இதான் கடைசி" என்றார் அம்மா. அதைத் தவிர அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் அம்மா இரண்டு மெழுகுவத்தி செருகினார். ஐயா ஒன்றைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டார். "இன்னிக்கு முதல் நாளு. ஒண்ணுதான்." மூன்றாம் நாளும் அதே கதை. எனக்கு வந்ததே கோபம்! கீழே போய் தேதி கிழிக்கிற காலண்டரைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேராக ஆணியில் மாட்டினேன். "வாசிங்க ஐயா." தேதியைச் சரியாக வாசித்தார், கிழமையைக்கூடச் சொன்னார். பிறகு நிதானமாகப் போய் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தார்.

அதோடு விட்டாரா? முதல் நாளுக்கு மட்டும் அவர்களுக்கு ஒரு ஜெபம் உண்டு. எங்களை உயிரோடு வைத்து, இந்த நாள் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாயே என்று கடவுளுக்குச் சொல்லும் நன்றி. அதை ஐயா தினமும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "அது இன்னிக்கு சொல்லக்கூடாதுங்க" என்று அம்மா தினமும் தடுத்தார்.

எட்டாம் நாள் மத்தியானம் நான் ஒரு யோசனை சொன்னேன். "ஐயாவ எங்க வீட்டுக்காரரு கீழ டீ குடிக்க கூட்டினு போவட்டும். நீங்க எட்டையும் கொளுத்திடுங்க."

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அவரு இல்லாம எட்டு எரிஞ்சி எனக்கு இன்னாத்துக்கும்மா?"

காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கீழே கொண்டுபோனேன்.

சாயங்காலம் மழை கொட்டியது, கரண்டும் போய்விட்டது. காருக்குப் பேசப் போன மகன் இன்னும் திரும்பவில்லை. அம்மா எட்டையும் வரிசையாகச் செருகினார். ஐயா வந்தார். ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாங்க. இன்னிக்கு ஒருநாள் மட்டும்." ஐயாவின் முகம் கோணியது. "தப்பு, தப்பு" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். பாவம், அந்த மனுஷனையும் அதட்ட முடியாது, அந்த அம்மாவுக்கும் ஒரு சொல் ஆறுதலாகச் சொல்ல முடியாது.

அம்மா கையை விட்டார். மிச்சத்தைத் தானே ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டு, ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்.

ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை ஏற்றினார். முதல் நாள் ஜெபத்தைச் சொன்னார். அம்மா தடுக்கவில்லை. அவர் முடித்ததும் "ஆமென்" என்றார்.

மூவரும் உட்கார்ந்தோம். ரோட்டில் ஒரு பஸ் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. ஐயா திருப்தியாக அம்மாவின் முழங்காலில் தட்டினார்.

"நாளைக்கு ரெண்டு" என்றார்.

"ஆமாங்க, நாளைக்கு ரெண்டு" என்றார் அம்மா.

கட்டி வைத்த பெட்டிகள் கதவோரம் இருந்தன. எழுந்தோடிப்போய் ஒரு பாத்திரத்தையாவது தேய்க்க வேண்டும் போல என் கை பரபரத்தது. மெழுகுவத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.