ஒரே கேன் பால்

என் புத்தகத்தைப் படித்தவர்கள் ஒரு குறை சொல்கிறார்கள். சாதியை எதிர்த்து நின்ற கதையில் கண்ணீரையே காணோமாம். பக்கத்துக்குப் பக்கம் "அப்படியானால்", "ஆகையால்" என்று வாதம்தான் இருக்கிறதாம். பழி என்மேல் இல்லை. அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி அது.

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். காலையில் பால் சொசைட்டியில் எங்கள் எருமைப் பாலை ஊற்றிவிட்டு, பக்கத்து டீக்கடையில் அம்மாவும் நானும் டீ குடிப்போம். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர். காலனியிலிருந்து வரும் எங்களுக்குப் பேப்பர் கப். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. அவர்களுக்குப் பலர் வாய் வைத்த டம்ளர், நமக்குத் தினமும் புதுசு. கப்புகளைக் கழுவிக் கட்டிலுக்கடியில் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தேன்.

ஒரு நாள் அம்மா கப்பை வாங்காமல் டம்ளர் கேட்டாள். பேப்பர் கப்தான் சுத்தம் என்றார் கடைக்காரர். அவ்வளவு சுத்தமானதை முதலில் ஊர்ப் பெரியவர்களுக்கல்லவா கொடுக்க வேண்டும் என்றாள் அம்மா. பெஞ்சிலிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். கடைக்காரருக்கு முகம் கறுத்துப்போனது. சொசைட்டித் தலைவர் அவருடைய மச்சான்.

"பேச்சு நீளுது புள்ள. நாளைக்குச் சொசைட்டீல பால் ஊத்தோணுமா, வேண்டாமா?"

அந்தப் பாலில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனாலும் அம்மாவின் குரல் நடுங்கவில்லை, உயரவுமில்லை.

"அதை நாளைக்குப் பாத்துக்கலாமுங்க. இன்னிக்கு நீங்க டீக்கு ஊத்தறது சொசைட்டிக் கேன் பாலுதானுங்க. அதுல எங்க எருமைப் பாலு எதுன்னு பிரிச்சுக் காட்டுங்க. அதை மட்டும் பேப்பர் கப்புல குடுங்க, குடிச்சுட்டுப் போயர்றோம்."

பெஞ்சில் இருந்தவர்கள் அவரவர் டம்ளரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் வந்தன. மறுநாள் எங்கள் பாலையும் யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வக்கீல்களைப் பார்த்துவிட்டேன்; அம்மாவுக்கு ஈடாக ஒருவரையும் பார்க்கவில்லை.

அன்றைக்கு எனக்கு அழுகைதான் முட்டியது. டம்ளர் விரலைச் சுட்டது, கப்பும் போயிற்று. குடித்து முடித்த பிறகும் அம்மா நகரவில்லை. எங்கள் டம்ளர்களையும் மற்றவர்களுடையதையும் கடைக்காரர் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கும்வரை நின்று பார்த்தாள். எதற்காக நிற்கிறாள் என்று தெரியாமல், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அவள் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தேன்.