போகியன்று தூக்கிப் போட்ட ஃபைல்

என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்ட சகலை பி.டெக் படித்தவன். நான் எட்டாவதோடு நின்றவன். கணக்கும் நானும் பேசி வைத்துத்தான் பிரிந்தோம். சித்தூரில் மாமியார் வீட்டில் அவனுக்கு ஃபேனுக்கு நேரே நாற்காலி, எனக்குக் கதவோரம் ஸ்டூல். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். திருப்பதியில் நான் வேலை செய்யும் ஆபீசுக்கே அவன் வந்து சேர்ந்தானே, அன்றிலிருந்து எனக்கு இட்லிகூட ஜீரணமாகவில்லை.

எங்களுடையது லாட்ஜ் ரூம் புக் செய்யும் வெப்சைட். அதை ஓட்டும் லினக்ஸ் சர்வருக்கு ஒரு பெரிய பாஸ்வேர்ட் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவன் நான். அந்தப் பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும் இருந்ததுதான் எனக்குப் பட்டம், பதவி எல்லாம்.

போகியன்று முதலாளி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஏமய்யா, வூட்ல பழசெல்லாம் கொளுத்தியாச்சு. இதுல மட்டும் ‘ஓல்டு’ன்னு பேர் போட்டு ஒரு ஃபோல்டர எதுக்கு வச்சிக்கினு கீற? தூக்கு!”

தூக்கினேன். மதியம் ஒரு லாட்ஜ்காரருக்குப் புது பாஸ்வேர்ட் போடப் போனால், அதைப் போட்டுக்கொடுக்கும் சின்ன டூல் திறக்கவே இல்லை. ஏதோ ஷேர்டு லைப்ரரியைக் காணோம் என்றது. பல புரோகிராம்கள் பொதுவில் எடுத்துப் புழங்கும் ஃபைல் அது, காம்பவுண்டுக்கே ஒரு கிரைண்டர் இருப்பதுபோல. நாங்கள் அந்தக் கிரைண்டரைப் போகியில் போட்டிருந்தோம்.

பண்டிகைக் கூட்டம் வரும் நேரம். தூக்கச் சொன்னது யார் என்பதை முதலாளி சுத்தமாக மறந்துவிட்டார்.

“உன்னால ஆவலன்னா அந்தப் பெரிய பாஸ்வேர்ட உன் சகலையாண்ட குட்த்துடு.”

பழைய பேக்கப்பைக் கிளறி அந்த ஃபைலைத் தேடி எடுத்து, கைக்கு வந்த ஒரு ஃபோல்டரில் வைத்தேன். அதே எர்ரர். சர்வரை அணைத்துப் போட்டேன். அதே எர்ரர். சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்தேன். சாமியும் பி.டெக் பக்கம்தான் போலிருந்தது.

சகலை மெதுவாக வந்தான். “நவுரு” என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். “கொஞ்சம் பாக்கட்டா அண்ணா?” என்றான். அந்த மரியாதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டூலுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று ஒரே கமாண்டில் கேட்டான். பட்டியலில் ஒன்றுக்கு எதிரே மட்டும் ‘கிடைக்கவில்லை’ என்று வந்தது.

“நீ வச்ச ஃபைலு கரெக்ட்தாண்ணா. அது எங்க கீதுன்னு சிஸ்டத்துக்குத் தெரியல, அவ்ளோதான்.”

சிஸ்டம் தேடும் இடங்களின் பட்டியலில் நான் வைத்த ஃபோல்டரின் பெயரை ஒரு வரியில் எழுதிச் சேர்த்தான், அதைப் புதிதாகப் படித்துக்கொள்ளச் சொல்லி எல்டிகான்ஃபிக் என்று அடித்தான். டூல் ஓடியது.

“யாருய்யா சரி பண்ணது?” என்று முதலாளி உள்ளே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்:

“அண்ணாதான் சார் ஃபைலக் கண்டுபுட்சாரு. பாஸ்வேர்டு அவராண்டயே இருக்கட்டும்.”

இருந்தது. திட்டுவதற்குக்கூட எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, பாவி.

சங்கராந்திக்கு மறுநாள் கனுமாவுக்கு மாமியார் வீட்டில் கறி விருந்து. எனக்கு முன்னாலேயே சேதி அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

“சின்ன மாப்ளைக்கு இன்னா மனசு பாரு! வேலைய அவரு செஞ்சிட்டு பேர பெரியவருக்குக் குட்த்துட்டாரு” என்று சொல்லிச் சொல்லியே மாமியார் ஈரலையெல்லாம் அவன் இலையில் போட்டார். அவன் அதில் பாதியை என் இலைக்குத் தள்ளினான்.

“துன்னுண்ணா.”

வாயில் வைத்ததும் வெண்ணெயாகக் கரைந்தது.

“வேகவேயில்ல” என்றேன்.