விளங்காத சொல்லுக்காகச் செய்த செபம்

என் பேத்தி அஞ்சலாவைப் பள்ளிக்கூட வாசலில் கார் தட்டியது. போன வருடம், பள்ளி தொடங்கிய மாதம், ஒரு மழைக் காலை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீதியைக் கடந்தாள். வளைந்து வந்த கார் நிற்கவில்லை. கால் எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது ஆண்டவரின் இரக்கம்.

அதற்குப் பிறகு என் மகள் டிலானி சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருப்பாள். ஜேர்மனியில், எசன் நகரில் அவள் வீட்டில்தான் நான் இருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். டொச்சு, அதுதான் ஜேர்மன் மொழி, காதில் விழும், வாயில் வராது. யாரிடமும் கேட்கவும் கூச்சம்.

ஒருநாள் அவள் தொலைபேசியில் சொல்வது கேட்டது. "ஓம் அக்கா, ஷூல்ஃப்ளேக்ஷாஃப்டுக்கு நிக்கப்போறன். பிள்ளைக்காண்டித்தான். வேறை வழியில்லை."

ஃப்ளேகெ என்ற சொல் எனக்குத் தெரியும். மேல்மாடிக் கிழவரைக் குளிப்பாட்ட வருகிறவர்கள் ஃப்ளேகெ. பெற்றோரிடமிருந்து அரசாங்கம் எடுத்து வேறு குடும்பத்தில் வளர்க்கக் கொடுக்கும் பிள்ளை ஃப்ளேகெகிண்ட். எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொல்வார்கள். விபத்து நடந்ததால் எங்களுக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது என்று முடிவெடுத்துவிட்டார்கள், அஞ்சலாவைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

மகளிடம் கேட்கத் துணிவு வரவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். கேவலார் திருத்தலத்து மாதாவின் படத்துக்கு முன்னால் அழுதேன். தாயே, இந்த ஃப்ளேக்ஷாஃப்ட் மட்டும் நடக்கக் கூடாது என்று மன்றாடினேன்.

அதற்கான கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்த மாலை மருமகனுக்கு வேலை. கட்டுப்போட்ட காலோடு அஞ்சலாவையும் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. அவளைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். பின் வரிசையில் இருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நீதிமன்றம் என்றே நினைத்தேன். செபமாலையைக் கைக்குள் உருட்டினேன்.

முதலில் மகள் எழுந்து பேசினாள். பிறகு தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் பேசினார். எல்லாரும் துண்டுகளில் எழுதி மடித்துக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு. பெயர் எழுதிய இரண்டு துண்டுகளை ஒரு கம்பளித் தொப்பிக்குள் போட்டார்கள். தாடிக்காரர் என்னைக் காட்டி ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.

மகள் வந்தாள். "அம்மா, நீங்கள் ஒண்டை எடுக்கட்டாம். நீங்கள் என்ரை தாய், அது சரியில்லை எண்டு சொல்லிப் பாத்தன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் போதும் எண்டு அந்த மனிசன் பிடிவாதமா நிக்குது."

"என்னத்துக்கடி பிள்ளை?"

"பிறகு சொல்லுறன். எடுங்கோ."

தாயே, எது இந்தப் பிள்ளையை எங்களோடு வைத்திருக்குமோ அது என் கையில் வரட்டும் என்று சொல்லி எடுத்தேன். வாசித்தார்கள். டிலானி என்று கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அவள் பெயர் வந்ததால் என் பிள்ளை தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். அஞ்சலாவை இறுக்கிக் கட்டிப்பிடித்தேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது, எனக்குத் தெரிந்த டொச்சில் சத்தமாகச் சொன்னேன். "நைன். கிண்ட் ப்லைப்ட்." பிள்ளை இங்கேதான் இருக்கும் என்று அர்த்தம்.

கை தட்டல் நின்றது.

"அம்மா, என்ன கதைக்கிறியள்?"

"ஃப்ளேக்ஷாஃப்ட் எண்டால் பிள்ளையைக் குடுக்கிறதுதானே?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள், அழுதும்விட்டாள். "ஐயோ அம்மா, இது தாய் தேப்பன்மாருக்காகப் பள்ளிக்கூடத்தோடை கதைக்கிற சபை. அந்த வீதியிலை காருகளை நிப்பாட்டத்தான் நான் நிண்டனான். நீங்கள் என்னை வெல்ல வைச்சிருக்கிறியள்."

பிறகு அவள் டொச்சில் விளங்கப்படுத்தினாள். யாரும் கேலி செய்யவில்லை. தோற்ற தாடிக்காரர் பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்து, அம்மம்மா சொன்ன வசனத்தையே நகரசபைக்கு எழுதும் கடிதத்தில் முதலில் போடுவோம் என்றார். போட்டார்கள். பனிக்காலம் முடிவதற்குள் அந்த இடத்தில் பாதசாரிக் கடவைக் கோடு போட்டு விளக்கும் வைத்தார்கள். இப்போது அஞ்சலா ஓடித் திரிகிறாள்.

சகோதரங்களே, நான் இன்னமும் யோசிப்பது ஒன்றுதான். நடக்கக் கூடாது என்று நான் கேட்டது நடந்தது. நான் கேட்கத் தெரியாமல் கேட்டது கிடைத்தது. மாதா எந்தச் செபத்தைக் கேட்டா? என் வாயிலிருந்த சொல்லையா, அதற்கடியில் கிடந்த பயத்தையா? எனக்குப் பயத்தைத்தான் கேட்டிருப்பா என்று படுகிறது. ஆண்டவருக்கு நன்றி.

சொல் பிழைத்துவிடுமோ என்று செபிக்காமல் இருக்காதீர்கள். பிழையான சொல்லோடேயே முழங்காலில் நில்லுங்கள். ஆனால் எழும்பிய பிறகு பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் இப்போது ஒவ்வொரு டொச்சுச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்கிறேன். டிலானிக்கு அலுத்துவிட்டது.