வேளச்சேரியிலிருந்து அடையாறுக்கு, நான்கு காபி வழியாக

காலைக் காபிக்கும் அதையடுத்து உடம்பு கேட்கும் காரியத்துக்கும் நடுவில் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் தன்னைப் பற்றி இந்த ஒன்றையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் கிளம்பினேன். ஜரிகை வேட்டியில், மகளின் கல்யாணப் பத்திரிகைகள் நிறைந்த பையோடு, தொட்டதற்கெல்லாம் சகுனம் பார்க்கும் ஒரு திங்கட்கிழமையில்.

இந்தப் பயணத்துக்கு மூன்று நிறுத்தங்கள்: மயிலாப்பூர், தி. நகர், அடையாறு. உண்மையில் போகவேண்டிய இடம் ஒன்றுதான். அடையாறில் இருப்பவர் என் மனைவி வசந்தாவின் அண்ணன் நடராஜன். என் மகள் நித்யாவுக்குத் தாய்மாமன். மாப்பிள்ளை பார்த்ததையும் பேசி முடித்ததையும் நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘பிறகு சொல்லிக்கொள்ளலாம்’ என்ற என் வழக்கமான சோம்பல். நிச்சயதார்த்தப் படத்தை யாரோ அனுப்பி, வாட்ஸ்அப்பில்தான் அவர் பார்த்தார். அன்றோடு பேச்சு நின்றது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். “மாமா வரலைன்னா எனக்கு யாருப்பா மாலை போடுவாங்க?” என்று நித்யா கேட்டாள். அதனால்தான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேரில் கிளம்பினேன்.

காலை ஏழு மணி. ஏழரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் வாசல்படி தாண்டிவிட வேண்டும் என்று வசந்தா உத்தரவு. காபியை வாயில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். வழக்கமாக அதன்பிறகு பேப்பரோடு கால் மணி நேரம் உட்கார்ந்தால் காரியம் முடிந்துவிடும். இதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். காபி சிலருக்குப் பெருங்குடலைத் தட்டி எழுப்பிவிடும்; பலரை அது ஒன்றும் செய்யாது. கஃபீன் மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை, கஃபீன் நீக்கிய காபியும் சிலரைக் கிளப்பிவிடுகிறதாம். பால் சேராத உடம்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இத்தனையும் படித்தவன் குடித்த கையோடு ரயிலேறினேன் என்றால், படிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் ரயிலில் கூட்டமில்லை. பெருங்குடி, தரமணி தாண்டி, திருவான்மியூரில் வயிற்றுக்குள் முதல் அசைவு. கஸ்தூரிபா நகர் வந்தபோது வசந்தா ஜன்னல் வழியே பார்த்தாள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் அவள் அண்ணன் வீடு.

“இங்கயே எறங்கிடலாமா?”

“முதல் பத்திரிகை சாமிக்கு” என்றேன்.

“சாமி கோவிச்சுக்க மாட்டாரு. எங்கண்ணன்தான் கோவிச்சுக்கும்.”

ரயில் கிளம்பிவிட்டது. எனக்கு நிம்மதியாகவும், நிம்மதியானதில் வெட்கமாகவும் இருந்தது. கோட்டூர்புரம் தாண்டியதும் இரண்டையும் மறக்கும்படி வயிறு பார்த்துக்கொண்டது.

மயிலாப்பூரில் இறங்கியபோது எட்டு. கோயிலில் சாமி பாதத்தில் பத்திரிகை வைத்து வாங்கியாயிற்று. ஒன்பது வரை ராகு காலம், அதுவரை மனிதர்கள் யார் கையிலும் கொடுக்க முடியாது. ஆகவே பிராகாரம் சுற்றினேன். உட்கார்ந்தால் ஆபத்து, நின்றால் இன்னும் ஆபத்து. நடையில் மட்டும் ஒரு சமாதானம் இருந்தது. “இன்னிக்கு என்ன பக்தி இவ்ளோ?” என்றாள் வசந்தா. வெளியே வந்து குளத்துப் பக்கம் கட்டணக் கழிப்பறை ஒன்றைக் கண்டுபிடித்தேன். வாசலில் வாளியோடு நின்ற ஒருவர், “கழுவிக்கினு கீறாங்க சார், அர மணி ஆவும்” என்றார். அரை மணி நேரத்தை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்பது அடித்ததும் மாமி வீட்டுக் கதவைத் தட்டினோம். கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். “வாங்கோ வாங்கோ! நித்யாக்குக் கல்யாணமா? நேத்துதான் தூளியில ஆட்டிண்டிருந்த மாதிரி இருக்கு!”

பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டிய அதே மூச்சில், பாத்ரூம் எங்கே என்றேன். முதல் அவமானம்.

“அச்சச்சோ, மாமா இப்பதான் உள்ள போனார். ரெண்டாம் காபி குடிச்சா அவருக்குப் போயாகணும். பேப்பரை முடிச்சுட்டுத்தான் வருவார். அதுக்குள்ள நீங்க காபி சாப்பிடுங்கோ.”

பத்திரிகை வைக்கப் போகிற வீட்டில் காபியை மறுக்க முடியாது. ஒரு வாய் குடிக்காமல் எழுந்தால், அவர்கள் வீட்டில் கை நனைக்க நமக்கு மனமில்லை என்று பொருள். மறுத்த செய்தி நமக்கு முன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும். குடித்தேன். கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக இருந்தது. டபரா தீருவதற்குள் மாமா வெளியே வந்தார், பேப்பரை நான்காக மடித்துக்கொண்டு. நான் எழுந்த வேகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் வழி விட்டார். நெடுநாள் பயணி ஒருவர் புதியவருக்கு இடம் விடுவதைப் போல.

பத்தே கால் மணி. உலகம் மீண்டும் அழகாகிவிட்டது. லஸ் முனையில் ஆட்டோ பிடித்தோம். தி. நகருக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் ஏறினேன். இனி பயமில்லை என்று நினைத்தேன். மாமி வீட்டில் நான் கழித்தது வீட்டில் குடித்த காபியின் கணக்கு. மாமி கொடுத்த காபியின் கணக்கு இனிமேல்தான் வரும் என்பது தேனாம்பேட்டை சிக்னலில் புரிந்தது.

தி. நகரில் பார்க்க வேண்டியது பாத்திரக்கடை அண்ணாச்சியை. நித்யாவின் சீர்ப் பாத்திரங்கள் முழுக்க அவர் கடையில்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“வாங்க வாங்க. இந்த வெயில்ல ரெண்டு பேரும் வந்திருக்கிய. ஒரு போன் போட்டா வந்திர மாட்டனா? இருங்க, காப்பி வருது.”

“இப்பதான் அண்ணாச்சி...”

“அங்க குடிச்சது அங்க. இங்க வந்தா இங்க குடிக்கணும்லா.”

பிளாஸ்கில் வந்தது. குடித்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி விசாரித்தேன். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. “பாத்ரூமா? கடைல கெடையாது. எதுத்த ஜவுளிக்கடைல நாலாவது மாடி. ஏ வேலு, சாருக்கு வழி சொல்லுடே!” என்றதும், இட்லிக் குண்டான் வாங்க வந்திருந்த குடும்பம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

ஜவுளிக்கடையின் லிப்டில் பட்டுப்புடவைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். படியேறினேன். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் கைகூப்பி, “என்ன சார் பாக்கணும்? காட்டனா, பட்டா?” என்றார். எதைச் சொல்வது? நான்காவது மாடியில் வரிசை. முன்னால் நான்கு பேர், எல்லோரும் மனைவிமார் புடவை எடுக்கும்வரை காத்திருக்கும் கணவன்மார்; அவசரமே இல்லாத முகங்கள். எனக்கு முறை வரும் நேரத்தில் வசந்தாவின் போன். “எங்கண்ணன் பன்னெண்டு மணிக்கு மேல வெளில போயிடுமாம். அண்ணி இப்பத்தான் சொன்னாங்க. வரீங்களா இல்லையா?”

அந்த இடத்தில் நான் எடுத்த முடிவை இன்றுவரை வீரம் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். வரிசையை விட்டு இறங்கினேன்.

மணி பதினொன்று. தி. நகரிலிருந்து அடையாறு ஆறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் அது அறுபதாக நீண்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஆட்டோக் கம்பியைப் பிடித்து எழும்பினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி கீது? முதுவு வலியா?”

“இல்லப்பா. மெதுவாப் போ.”

“அவருக்கு வயிறு” என்றாள் வசந்தா.

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா? மெதுவா போறதா, வேகமா போறதா, அத்தச் சொல்லு!”

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. இரண்டுமே ஆபத்தாக இருந்தது. கோட்டூர்புரம் பாலத்தின் மேல் அடித்த காற்றில், அடையாறு ஆற்றைப் பார்த்தபடி, மச்சானிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பாதியில் வயிறு குறுக்கிட்டது.

அடையாறு. வேப்பமரம் வைத்த தனி வீடு. மச்சான் கதவைத் திறந்தார். ஓய்வுபெற்ற எஞ்சினியர், பேச்சை அளந்து செலவழிக்கிறவர். “வாங்க” என்றார். அந்த ஒன்றோடு சரி. உட்கார்ந்தோம். அண்ணி காபி கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். மச்சானின் கண் டம்ளர் மேலேயே இருந்தது. நான் அதை எடுக்கிறேனா என்பதுதான் அந்த வீட்டில் அன்றைக்கு ஒரே கேள்வி. எடுத்துக் குடித்தால் சண்டை தீர்ந்தது. நித்யாவுக்கு மாலை உண்டு.

கையை நீட்டினேன். காபியின் மணம் மூக்கில் ஏறியது. மீதியை வயிறு தீர்மானித்துவிட்டது.

“மச்சான், பாத்ரூம்...”

“காபி ஆறிடும்.”

“வந்து குடிக்கறேன்...”

“எங்க வீட்டுல கை நனைக்க இஷ்டமில்லன்னா நேராச் சொல்லிடுங்க மாப்ள. நடிக்க வேணாம்.”

ஒரு கண்ணியமான மனிதன் அந்த இடத்தில் உட்கார்ந்து டம்ளரை எடுத்திருப்பான். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பின்கட்டு நடையில் கடைசிக் கதவு.

உள்ளே இருந்த நேரத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை. உடம்பு அமைதியானதும் மனது எழுந்துகொண்டது. என் பெண்ணின் கல்யாணத்தை நான் ஒரு டம்ளர் காபி முன்னால் வைத்துக் கெடுத்துவிட்டேன். அப்போது நடையில் காலடிச் சத்தம். கதவுக்கு வெளியே வந்து நின்றது. தொண்டையைச் செருமும் ஓசை. பன்னிரண்டாகப் போகிறது, அவர் வெளியே கிளம்பிவிடுவார். நான் வெளியே வரும் நிலையில் இல்லை. எனவே பேசினேன். கதவைப் பார்த்து, உட்கார்ந்தபடியே.

“தப்பு என்னோடதுதான். உங்களக் கேக்காம நான் முடிவு பண்ணியிருக்கக் கூடாது. உங்களுக்கில்லாத உரிமையா? படத்துல பாத்துத் தெரிஞ்சுக்கற மாதிரி வச்சதுக்கு எனக்கு இன்னிவரைக்கும் கூசுது. என்ன மன்னிக்காட்டியும் பரவாயில்ல, அந்தப் பொண்ணுக்காக நீங்க வந்து நிக்கணும்.”

இவ்வளவு நேர்மையாக நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. வெளியிலிருந்து “ம்” என்று ஒரு குரல். காலடிகள் அகன்றன.

முகம் கழுவி வெளியே வந்தபோது நடையில் யாருமில்லை. கூடத்தில் வசந்தாவும் அண்ணியும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரயில், பிராகாரம், ஜவுளிக்கடை, ஆட்டோ என்று ஒன்று விடாமல் வசந்தா ஒப்பித்திருந்தாள் என்று தெரிந்தது. மச்சான் மூச்சு வாங்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு மச்சான்.”

உணர்ச்சியை மறைக்கத்தான் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆறிப்போன டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அதன் விளைவு என்னவென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மச்சான் எழுந்து நின்று அண்ணியோடு சேர்ந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டார். “மொத நாளே வந்துடறோம். மாலைக்கு நீங்க சொல்ல வேணாம், நான் பாத்துக்கறேன்” என்றார். வசந்தா அழுதாள். நான் இன்னொருமுறை பின்கட்டுக்குப் போய் வந்தேன்.

ஒரு மணிக்கு மேல் அங்கிருந்து வேளச்சேரிக்குத் திரும்பினோம். எத்தனையோ ஊர்களுக்குப் போய் எழுதியிருக்கிறேன். அங்கெல்லாம் கிளம்பும்போது மலையையோ கடலையோ திரும்பிப் பார்த்திருக்கிறேன். அன்று திரும்பிப் பார்த்தது மூன்று இடத்து மனிதர்களின் பெருந்தன்மையை. கழிப்பறை கேட்ட விருந்தாளியை யாரும் குறைவாக நினைக்கவில்லை. குறைவாக நினைத்தது நான் மட்டுமே. அந்த வெட்கம் போகவில்லை. ஆனால் அதற்குள்ளேயே ஒரு சின்னப் பெருமையும் ஒளிந்திருந்தது: கதவுக்குப் பின்னாலிருந்தாலும், என் பேச்சு ஒரு மனிதரை மாற்றியிருக்கிறது.

கல்யாணம் நடந்தது. மச்சான் மாலை போட்டு நித்யாவை அழைத்து வந்தார். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அன்னிக்கு நான் பேசினத நீங்க ஏத்துக்கிட்டதுக்கு நன்றி மச்சான்” என்றேன்.

“எப்பப் பேசினீங்க?”

“அதான்... கதவுக்கு உள்ளேருந்து.”

மச்சான் பாக்கை மென்றபடி யோசித்தார். “நான் அப்ப மொட்டை மாடில இருந்தேன்ல! வசந்தா விஷயத்தச் சொன்னதும் டேங்க்ல தண்ணி இருக்கான்னு பாக்க ஓடினேன், உங்களுக்குப் பத்தணுமேன்னு. கீழ கதவுக்கு வெளிய நின்னது, பின்கட்டுல வாஷிங் மெஷின் பாக்க வந்த ரிப்பேர்காரரு. போகும்போது எங்கிட்டக் கேட்டாரு, ‘சார், உள்ள இருந்தவரு யாரு? எதுக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு?’ன்னு.”