விருந்தாளிப் பிள்ளைகள்

ஜீப் நிற்கும் கேரா வளைவிலிருந்து எங்கள் ஊர் கடியானிக்குப் பதினோரு கிலோமீட்டர் மலையேற்றம். நான் பள்ளிக்கூட வாத்தியார், தோள்பையோடு ஏறுகிறவன்; எனக்கென்ன கஷ்டம்? நோயாளியை நாற்காலியில் கட்டி இறக்குகிறவர்களைக் கேட்டால்தான் அந்தத் தூரம் தெரியும்.

ஜசூலி அப்படித் துணையாக இருபத்தாறு முறை இறங்கியவள். இரண்டு எருமை, அதற்குப் புல்லறுப்பு, இதுதான் அவள் பிழைப்பு. புருஷன் கீழே ஹல்த்வானி நகரத்தில் ஒரு ஹோட்டலில் ரொட்டி சுடுகிறான். ஊரில் எவளுக்குப் பிரசவ வலி கண்டாலும் அரிவாளைப் போட்டுவிட்டுக் கூடவே நடப்பாள். அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் அந்தப் பாதையிலேயே போய்விட்டார்கள், ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்காமல்.

எங்கள் பக்கத்தில் ஒரு மலையூருக்கு ரோடு கிடைக்க இருநூற்றைம்பது தலை வேண்டும். அந்தச் செப்டம்பரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என் தலையில் விழுந்தது. வீடு வீடாக எழுதி மூன்று தடவை கூட்டினேன். இருநூற்று நாற்பத்து மூன்றுதான்.

மறுநாள் தாள்கள் கீழே போக வேண்டும். ஊர்த்தலைவர் தான்சிங் பள்ளி முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார்.

"ஏழு பேர்தானே மாஸ்டர்ஜி? எங்க எருமைங்களை எழுதிக்கங்க. என் மச்சானைவிட அதுங்களுக்குப் புத்தி ஜாஸ்தி."

"பொய்க்கணக்கு எழுத என்னால ஆகாது" என்று எரிந்து விழுந்தேன்.

அப்போது ஜசூலி எழுந்தாள். "விருந்தாளிப் பிள்ளைங்களை எழுதினீங்களா?"

"வெளியூர்ப் பிள்ளைங்களை இங்க எதுக்குக்கா எழுதணும்?" என்றேன்.

"எந்த வெளியூரு? இங்கதான் பொறந்துச்சு, இங்கதான் தூங்குது."

ஆறு வருடம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றும் எனக்கு உறைக்காத விஷயம் இது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அடுத்ததைத் தன்னுடையது என்று சொல்ல மாட்டாள். ஒரு படி கேழ்வரகுக்கு வேறூர்ச் சொந்தக்காரியிடம் விற்றதாகப் பேர் பண்ணிவிட்டு, விருந்துக்கு வந்த பிள்ளை என்று சொல்லித் தானே வளர்ப்பாள். ஐந்து வயது முடிந்தபின் படியைத் திருப்பிக் கொடுத்து மீட்பாள். தேடி வரும் எமன் ஏமாந்து திரும்ப வேண்டுமாம். எமன் ஏமாந்தானோ இல்லையோ, நான் நன்றாக ஏமாந்திருந்தேன்.

"கோவிந்தி, உன் மடியில இருக்கிறது யாரு பிள்ளை?"

"வாயை மூடுக்கா! ஏதாவது ஆச்சுன்னா நீயா தாங்குவே?"

"எமனுக்கு நம்ம வீடு தெரியாதுன்னா நெனைக்கிறே? அவன் எங்கடி வீட்டுக்கு வர்றான்? அந்தப் பாதையிலதான் உக்காந்திருக்கான்."

கோவிந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மெல்லப் பிள்ளையின் பேரைச் சொன்னாள்.

ஜசூலி ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், எந்தப் பிள்ளை எந்த மழையில், எந்த வளைவில் பிறந்தது என்று பிசகில்லாமல் சொன்னாள். அரசாங்கம் என்னிடம் அல்ல, அவளிடம் அந்தத் தாள்களைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆறு பேர் சேர்ந்தார்கள். இருநூற்று நாற்பத்தொன்பது.

"இன்னும் ஒண்ணு" என்றார் தான்சிங். எல்லாப் பார்வையும் படிக்கட்டில் கூழாங்கல் விளையாடிக்கொண்டிருந்த சம்பாவிடம் போனது. பாலி ஊரில் இருக்கும் ஜசூலியின் அக்கா மகள் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன்.

அத்தனை பேரையும் பேச வைத்தவளுக்கு இப்போது வாய் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீட்க இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி. "வேணாம்க்கா" என்றாள் கோவிந்தியே.

"எழுதுங்க மாஸ்டர்ஜி. சம்பா. வயசு நாலு. தாய் பேரு ஜசூலி."

அதைப்போன்ற தைரியத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவள் போய்க் குழந்தையின் முன் உட்கார்ந்தாள். "சித்தின்னு கூப்பிட்டது போதும்டி. இனிமே அம்மான்னு கூப்பிடு."

சம்பா முற்றத்திலிருந்த பெண்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"யாரை?" என்று கேட்டாள்.