பன்னிரண்டாம் பெட்டியும் பதிமூன்றாம் பெட்டியும்

1. விழா அன்று காலை

விருது விழா மாலை ஐந்து மணிக்கு. காலை ஏழு மணிக்கு நான் கம்பெனியின் கல் மாதிரிகளை வைக்கும் கோர் ஷெட்டில் இருந்தேன். மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு துண்டு கல் வேண்டும் என்று முந்தின நாள்தான் சொன்னார்கள்.

சுரங்கத் துறையில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. ஆண்டுக்கு ஒருமுறை திருச்சியில் ஓர் ஓட்டலில் கூடி, நல்ல வேலை செய்த நிர்வாகிகளுக்கும் ஜியாலஜிஸ்டுகளுக்கும் சால்வை போடுவார்கள். அந்த முறை எங்கள் கம்பெனி ஜி.எம்.முக்குத் தலைமை விருது. எனக்கு இளம் ஜியாலஜிஸ்ட் விருது. இரண்டும் மருங்காபுரிப் பக்கம் நாங்கள் கண்டுபிடித்த சுண்ணாம்புக்கல்லுக்காக.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான்தான். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். விழாவுக்காக அன்று லோடு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கூட வேலை செய்யும் நான்கு பேரையும் அழைத்திருந்தார்.

புதிதாக ஃபீல்டுக்கு வரும் தங்கைகளுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். ரிக் போட்டுத் துளைத்தால் உருளை உருளையாகக் கல் வரும். அதுதான் கோர். வந்த வரிசையிலேயே பெட்டிகளில் அடுக்கி எண் போடுவார்கள். நாம் அதைப் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன கல் என்று எழுதும் குறிப்புதான் லாக். அதன் அடியில் நம் கையெழுத்து இருக்கும்.

அங்கே நாங்கள் போட்ட துளைகளில் நடுத் துளைக்கு நான் எழுதிய லாக்கின்படி பன்னிரண்டாம் பெட்டி வரை கருங்கல், வேஸ்ட். பதிமூன்றில் வெள்ளைக்கல், அதாவது சுண்ணாம்புக்கல், தொடங்கி, கீழே கடைசி வரை அதுவேதான். கண்ணாடிப் பெட்டிக்குப் பதிமூன்றின் முதல் துண்டைக் கேட்டிருந்தார்கள். அதை எடுத்தேன். பன்னிரண்டின் கடைசித் துண்டோடு சும்மா பொருத்திப் பார்த்தேன். உடைந்த பானை ஓடு போல, அடுத்தடுத்த துண்டுகளின் முனைகள் சேர வேண்டும். இவை சேரவில்லை.

பதினொன்றின் கடைசித் துண்டை எடுத்து வைத்தேன். வெள்ளைத் துண்டு டக்கென்று அதன்மேல் உட்கார்ந்தது. அந்தக் கருங்கல்லின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளை இருந்தது. அதைக் கருங்கல்லுக்குள் ஓடும் ஏதோ நரம்பு என்று எழுதியிருந்தவள் நான். பன்னிரண்டின் கடைசித் துண்டு, பதினான்கின் முதல் துண்டோடு சேர்ந்தது.

பன்னிரண்டு, பதிமூன்று இரண்டு பெட்டிகளின் கற்களும் இடம் மாறியிருந்தன. மேலே இருந்ததாக நான் எழுதிய பன்னிரண்டாம் பெட்டிக் கருங்கல் உண்மையில் வெள்ளைக்கல்லுக்கு நடுவில் கிடந்தது. மேலே கிடந்தால் ஒருமுறை அள்ளிக் கொட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம். நடுவில் கிடந்தால் சுண்ணாம்புக்கல் படுகையே இரண்டு அடுக்காகிவிடுகிறது. விழாவில் வாசிக்கப்போகும் பாராட்டுரையிலோ, “இடையில் கழிவே இல்லாத ஒரே படுகை” என்று இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

2. டிரில்லர் சொன்னது

டிரில்லர் செல்வராஜ் அண்ணன் மணப்பாறைக்காரர். போன் போட்டேன்.

“என்ன மேடம், இன்னைக்கு சால்வை போட்டுக்கிற ஆளு, காலங்காத்தால நம்மள நெனைக்கிறீங்க?”

“அண்ணே, அந்த நடு போர்ல பன்னெண்டும் பதிமூணும் மாறியிருக்கு.”



“டிராக்டர்ல ஏத்தறப்ப ரெண்டு பெட்டி கவுந்துச்சே மேடம். பசங்க பொறுக்கிப் போட்டானுங்க. ஆழம் எழுதுன கட்டையெல்லாம் செதறிப்போச்சு. ஒருவாட்டி சேத்துப் பாத்துக்கங்கன்னு உங்ககிட்ட சொன்னேன்ல?”

“சொன்னீங்களா?”

“நீங்கதான் மூணரை பஸ்ஸு, மூணரை பஸ்ஸுன்னு செருப்பக்கூட சரியா மாட்டாம ஓடுனீங்க.”

உண்மைதான். சரிண்ணே என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினேன். பன்னிரண்டு நாள் வெயிலில் நின்றிருந்தேன். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தால் போதும் என்றிருந்தது. மறுவாரம் ஷெட்டில் உட்கார்ந்து, பெட்டியில் இருந்த எண்ணை நம்பி எழுதினேன்.

“எம்மேல போட்டுராதீங்க மேடம்.”

“கையெழுத்து என்னுதுண்ணே.”

3. ஸ்ரீரங்கம்

ஜி.எம். வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்குப் பக்கத்தில். நான் போனபோது கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். நெற்றியில் ஈரம் காயாத திருமண். நாற்காலியில் புது கோட்டு தொங்கியது.

பையிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்து மேசையில் வைத்துப் பொருத்திக் காட்டினேன். அவரும் ஜியாலஜி படித்தவர்தான். இரண்டாவது விளக்கம் தேவைப்படவில்லை.

“பெருமாளே,” என்றார். பிறகு, “ஏம்மா, இன்னிக்குத்தான் இத நீ பொருத்திப் பாக்கணுமா?”

“இன்னைக்குத்தான் சார் பாத்தேன்.”

“திங்கக்கிழமை ரிப்போர்ட்டத் திருத்திடலாம். ஒரு நாள் பொறுத்தா மலை ஓடிப் போயிடுமா?”

“மலை ஓடாது சார். ஆனா சாயந்தரம் மைக்ல வாசிச்சிருவாங்க. நாளைக்குப் பேப்பர்ல வந்துரும். அப்புறம் அதத் திருத்த முடியாது.”

உள்ளேயிருந்து மாமி காபி கொண்டுவந்து வைத்தார். கற்களைப் பார்த்து, “விழாவுக்கா? அழகா இருக்கே,” என்றார்.

ஜி.எம். பாராட்டுரைத் தாளை எடுத்தார். அந்த வரியை அடித்தார். பேனா கொஞ்சம் அழுத்தமாகவே ஓடியது.

“என்னுதுல ஒரு வரிதான் போறது. உன்னுதுல?”

“எனக்குக் குடுக்கிறதே அந்த லாக்குக்குத்தான் சார்.”

“உங்காத்துல எல்லாரும் வராளா?”

“வராங்க சார்.”

“அவாகிட்ட முன்னாடியே சொல்லிடு. மேடைக்குக் கீழ உக்காந்துண்டு தெரிஞ்சுக்கக் கூடாது.”

சங்கச் செயலாளருக்கு அவரே போன் செய்து, அந்த வரியையும் என் விருதையும் எடுத்துவிடச் சொன்னார். அவருக்குப் பின்னால் முப்பது ஆண்டு வேலை இருந்தது, கண்டுபிடித்த வேறு இடங்கள் இருந்தன. எனக்கு இருந்தது அந்த ஒன்றுதான். காபி ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

4. விழா

அப்பாவிடம் பஸ்ஸிலேயே சொன்னேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா?”

“இல்லப்பா. நானேதான்.”

“அப்ப சும்மா இருந்திருக்கலாம்ல?” என்றார். பிறகு பின் சீட்டில் இருந்த மார்க்கெட் ஆட்களைக் காட்டி, “இவனுங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜி.எம்.முக்குச் சால்வை போட்டார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினோம். அவர் தகுதியானவர்தான், நானும் உண்மையாகவே தட்டினேன். இளம் ஜியாலஜிஸ்ட் விருது இந்த ஆண்டு இல்லை என்று அறிவித்தார்கள். மார்க்கெட் ஆட்களில் ஒருவர், “பாப்பா பேரு எப்பண்ணே வரும்?” என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். “வரும், வரும். நீ சாப்பிடு,” என்றார் அப்பா.

கிளம்பும்போது செயலாளர் ஒரு துணிப்பையைக் கையில் திணித்தார். உள்ளே ஷீல்டு. “பேரு அடிச்சாச்சும்மா. வேற யாருக்கும் குடுக்க முடியாது. வெச்சுக்கங்க.”

5. ஷெட்டில்

அந்தப் போரை முதல் பெட்டியிலிருந்து மறுபடி லாக் செய்ய ஒன்பது நாள் ஆனது. அதை வைத்து வரைந்த பக்கத்துத் துளைகளின் படங்களையும் திருத்தினேன். யாரும் திட்டவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. முதுகு வலித்தது.

ஷீல்டை வீட்டில் வைக்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே பழைய ஃபேன் ஒன்று சுற்றும், தாள்கள் பறக்கும். லாக் தாள்மேல் அதை வைத்தேன். நல்ல கனம், தாள் அசையவில்லை.

பெட்டி இறக்க வந்த செல்வராஜ் அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். “அவார்டு ஒரு வேலைக்காச்சும் ஆகுது மேடம்.”

தங்கைகளே, பெட்டியில் இருக்கும் எண் யாரோ எழுதியது. முனை கல்லுடையது. ஒவ்வொரு முனையையும் கையால் பொருத்திப் பாருங்கள், பிறகு எழுதுங்கள். பஸ் போனால் போகட்டும். நான் இப்போது ஐந்தரை பஸ்ஸில்தான் வருகிறேன். உட்கார இடம் கிடைப்பதில்லை.