மரியநாதன் பார்க்காத கம்பி

மரியநாதன் ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங் தோட்டத்துப் பிள்ளை. பட்டாளத்தில் இருபத்தேழு வருடம் ஹெலிகாப்டரின் பின்கதவோரம் முட்டி போட்டு, வெளியே தலையை நீட்டி, முன்னால் ஓட்டுகிற ஆபீசருக்கு வழி சொன்னவர். இப்போது ஜொகூரிலேயே ஒரு முகாமில், புதிதாக வரும் பைலட்டுகளுக்கு ஒருவரையொருவர் கேட்டு, சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். தரையை விட்டு எழும்பாத சிமுலேட்டரில்தான் பாடம்.

அங்கே பயிற்சிக்கு வந்த யோங் பெங் ஊர்ப் பெண் லோஷினி கெட்டிக்காரி. ஆபீசர் என்பதால் அவர் அவளை மலாயில் மரியாதையாகப் 'புவான்' என்பார். அவளுக்கு அவர் அங்கிள். ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. பெரியவர்கள் சொன்னால் மட்டும் மறுபேச்சே வராது. வீட்டில் அப்படி வளர்த்துவிட்டார்கள். அவளைச் சோதிக்க மரியநாதன் வேண்டுமென்றே, "இடப்பக்கம் ஒண்ணுமில்ல, போலாம்" என்பார். திரையில் மரம் நிற்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் போய் இடிப்பாள். இரண்டு தடவை இடித்தாயிற்று. மூன்றாவதும் இடித்தால் பயிற்சியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

"மரத்தப் பாத்தீங்களா இல்லையா, புவான்?"

"பாத்தேன், அங்கிள்."

"அப்புறம்?"

"நீங்க சொன்னீங்களே. எங்கப்பா வயசு உங்களுக்கு."

"அதுக்காக என்னையும் சேத்துக் கொல்லுவீங்களா? அலமாக், நல்ல மரியாத லா இது."

கடைசிப் பரீட்சையைக் கொஞ்சம் லேசாக வையுங்கள் என்று மேலதிகாரி சொல்லிப் பார்த்தார். மரியநாதன் மசியவில்லை. தரையிறங்கும் நேரத்தில் பொய் வழி சொல்வதென்று மனதில் வைத்துக்கொண்டார்.

பரீட்சை நாளில், தரையிறங்குவதற்கு வெகுமுன்னால் ஓரிடத்தில், "வலப்பக்கம் ஒண்ணுமில்ல, போலாம்" என்றார். மனதார நம்பித்தான் சொன்னார். ஹெலிகாப்டர் நகரவில்லை.

"இல்ல அங்கிள். கரண்டு கம்பி போகுது. நான் போகமாட்டேன்."

மரியநாதன் திரையை உற்றுப் பார்த்தார். மயிரிழை போல ஒரு கம்பி. அவர் கண்ணில் படவே இல்லை.

பிறகு அவர் வைத்திருந்த பொய்யிலும் அவள் விழவில்லை. வெளியே வந்ததும் சிரித்தாள்.

"கம்பிய வச்சு நல்லா ஏமாத்தப் பாத்தீங்க."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை.

"அது பரீட்ச இல்ல, புவான். நெசமாவே நான் பாக்கல."

அவள் சிரிப்பு நின்றது. அவர் அறிக்கையில் 'தேர்ச்சி' என்று எழுதினார். அதற்குக் கீழே, கம்பியைப் பார்க்காமல் வழி சொன்னது தன் தவறென்றும், தன் கண்ணைச் சோதிக்க வேண்டுமென்றும் எழுதினார்.

"இத எழுதினா உங்கள வேலையில வச்சிருப்பாங்களா, அங்கிள்?"

"தெரியாது. எழுதினதுல தப்பு இருந்தா மட்டும் சொல்லுங்க" என்று தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் இரண்டு முறை படித்தாள். தப்பு ஒன்றுமில்லை என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.